வேன் படம் போட்டீங்க, பக்கத்து வேன் எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்காவுல வேன்லயே குடித்தனம் பண்றவங்களப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. படம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மலை உச்சியில வண்டி நிக்குது, பின்கதவு திறந்திருக்கு, உள்ள வெள்ளை பெட்ஷீட், ஒரு பொண்ணு காபி கப்போட உக்காந்திருக்கு. வாடகை கிடையாது மேனேஜர் கிடையாது நினைச்ச இடத்துல தூங்கலாம்னு எழுதி, வேனை மாத்தியமைக்க எவ்வளவு செலவாகும்னு கணக்கும் குடுத்துட்டீங்க. ஆனா அந்த ரெண்டு பக்கத்துல ஒரு படத்துல கூட இன்னொரு வண்டி இல்லயே சார். அத சொல்லத்தான் இந்த லெட்டர்.

நான் திருச்சிக்காரன், போக்குவரத்துக் கழக டெப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவன். பொண்ணு அரிசோனாவுல ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர்ல இருக்கா. குளிர்காலத்துல அங்க போயி இருந்தப்ப, வீட்லயே உக்காந்து என்ன பண்றீங்க மாமான்னு மாப்பிள்ளை குவார்ட்சைட்டுனு ஒரு ஊருக்கு கூட்டிட்டு போனாரு. ஃபீனிக்ஸ்ல இருந்து மேற்கால ஹைவேல ரெண்டு மணி நேரம், இன்னும் கொஞ்சம் போனா கலிஃபோர்னியா பார்டர். 2020 சென்சஸ்ல ஊர் ஜனத்தொகையே 2,413 தான். ஜனவரியில போயி பாருங்க, பாலைவனம் பூரா வண்டி. பெரிய பெரிய மோட்டார் ஹோம், ட்ரெய்லர், பழைய ஸ்கூல் பஸ், சாதாரண கார், எதுக்குள்ள பாத்தாலும் ஆளு. சீசன்ல லட்சக்கணக்குல வந்து போறாங்கன்னு சொல்றாங்க. அந்த ஊர் சுடுகாட்டுல ஒரு பிரமிடு இருக்கு, உச்சியில ஒட்டகம். 1856ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சாமான் சுமக்க ஒட்டகம் இறக்குமதி பண்ணி, அத ஓட்ட ஹாஜி அலின்னு ஒருத்தர கூட்டிட்டு வந்துச்சாம், அவரோட சமாதி அது. வந்து போறவங்க ஊருக்கு பொருத்தமான ஆளுதான்.

ஏன் அங்க கூடறாங்கன்னா காரணம் ரொம்ப சிம்பிள், நிலம் அரசாங்கத்தோடது, குளிர் கம்மி. பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்னு மத்திய அரசு துறை ஒன்னு இருக்கு, அதோட நிலத்துல 14 நாள் வரைக்கும் காசில்லாம வண்டி போட்டுக்கலாம், அப்புறம் தள்ளிப் போயிடணும். நகராம இருக்கணும்னா லா போசான்னு நீண்ட நாள் தங்கற ஏரியா தனியா இருக்கு, செப்டம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும், ஏழு மாசத்துக்கு 180 டாலர்னு ரொம்ப வருஷமா வாங்கிட்டு இருந்தாங்க. அமெரிக்காவுல ஒரு சின்ன ரூமுக்கு ஒரு மாச வாடகையில பாதி கூட வராது அது. வெயில் காலத்துல அங்க 45 டிகிரிய தாண்டிடும், வண்டிக்குள்ள மனுஷன் இருக்க முடியாது, அப்ப எல்லாரும் ஃபிளாக்ஸ்டாஃப் மாதிரி 7,000 அடி உயரத்துல இருக்கற ஊர்ப்பக்கம் ஏறிடுவாங்க.

நீங்க போட்ட படத்துல இருந்தது இருபத்தஞ்சு வயசு பொண்ணு. நான் பாத்ததுல முக்காவாசி அறுபத தாண்டினவங்க, அதுலயும் தனியா இருக்கற பொம்பளைங்க நிறைய. 2008ல அங்க வீட்டுக்கடன் எல்லாம் கவுந்துச்சே, அப்ப வீட்ட விட்டவங்க, விவாகரத்து ஆனவங்க, புருஷன் வைத்தியத்துக்கே சேமிப்ப கரைச்சவங்க. மாசாமாசம் வர்ற சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசாங்க பென்ஷன் பணத்துல ஒன்னு வாடகை குடுக்கலாம், இல்ல சாப்பிடலாம். அதனால வாடகைய வெட்டிட்டாங்க. பணக்காரங்களும் இருக்காங்க, கோடி ரூபா வண்டியில வந்து ஷோக்கா ரெண்டு மாசம் இருந்துட்டு வீட்டுக்கு திரும்பிடுவாங்க, அவங்க கதை வேற, அதயும் இதயும் ஒன்னா போட்டு குழப்பக்கூடாது.

மெக்கானிக் புத்தி, நான் வண்டியத்தான் மொதல்ல பாத்தேன். புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒன்னு இருக்கு, வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரியிலயே லைட்டு ஃபேனு ஃபோன் சார்ஜரு எல்லாத்தயும் மாட்டி விட்டுடுவாங்க, காலையில சாவிய திருப்புனா டக் டக்குனு சத்தம் மட்டும்தான் வரும். வீட்டு உபயோகத்துக்கு தனி பேட்டரி வைக்கணும், நடுவுல ரெண்டயும் பிரிச்சு வைக்கற ஐசோலேட்டர் போடணும், லெட் ஆசிட் பேட்டரின்னா பாதிக்கு கீழ இறங்க விடக்கூடாது, இதெல்லாம் அவங்களுக்கு யாரு சொல்லுவா? பக்கத்து வண்டிக்காரர்தான். நான் நின்னுட்டு இருக்கறப்பவே ஒரு பெரியவர் ஜம்ப் கேபிளோட வந்து ஒரு அம்மாவோட பழைய டாட்ஜ் வேன ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு, அரை மணி நேரம் உக்கார வச்சு வயரிங் பாடம் எடுத்தாரு. காசு வாங்கல, அந்தம்மா ஒரு கிண்ணத்துல சூப் குடுத்தாங்க, அத வாங்கிக்கிட்டாரு. நானும் சும்மா இருக்க மாட்டாம ஃபேன் பெல்ட்ட தொட்டுப் பாத்து இது ரொம்ப நாள் தாங்காதுன்னு சொன்னேன், மாப்பிள்ளைதான் மொழிபெயர்ப்பு.

அந்தம்மாவுக்கு எழுபது இருக்கும். ராத்திரி பயமா இல்லயான்னு கேக்கச் சொன்னேன். சிட்டியில வாடகை வீட்டுல இருந்தப்பதான் பயமா இருந்துச்சாம், மாடிப்படியில விழுந்து ரெண்டு நாள் கிடந்தா கூட கேக்க நாதி இல்லயாம். இங்க காலையில ஒம்போது மணிக்குள்ள அவங்க வேன் ஜன்னல் திரைய விலக்கலன்னா பக்கத்துல ஒருத்தர் வந்து தட்டுவாங்களாம். அவங்க நாலஞ்சு பேரு, எல்லாம் தனி ஆளுங்க, ஒன்னாவே சுத்தறாங்க, ஆனா வண்டிக்கும் வண்டிக்கும் நல்லா இடைவெளி விட்டுத்தான் நிறுத்தறாங்க. நம்ம டெப்போவுல நைட் ஹால்ட் போடற டிரைவரும் கண்டக்டரும் பஸ்லயே துண்டு விரிச்சு படுப்பாங்களே, பக்கத்து பஸ் ஆளு இருமுனா கூட தெரியும், அந்த மாதிரி ஒரு பழக்கம்தான் அங்க நடக்குது.

இது தானா வந்ததும் இல்ல சார், உக்காந்து கட்டினது. பாப் வெல்ஸ்னு ஒருத்தர், அலாஸ்காவுல ஆங்கரேஜ்ல மளிகைக்கடை வேலையில இருந்தவரு, 1995ல விவாகரத்துக்கு அப்புறம் வாடகை குடுக்க வழியில்லாம பழைய பாக்ஸ் வேன்ல குடியேறினாரு. அவருதான் 2010ல குவார்ட்சைட் பாலைவனத்துல ரப்பர் டிராம்ப் ராண்டேவூனு, வண்டியிலயே வாழறவங்க வருஷா வருஷம் சந்திக்கற ஒரு கூட்டம் ஆரம்பிச்சாரு, மொத வருஷம் அம்பது வண்டி கூட இல்ல, பத்து வருஷத்துக்குள்ள ஆயிரக்கணக்குல வர ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டம்னா ஆட்டம் பாட்டம் இல்ல, கிளாஸ்! சோலார் எப்படி போடறது, வண்டிக்குள்ள அடுப்பு எரிச்சா கார்பன் மோனாக்சைடு எப்படி கொல்லும், பக்கெட்ட வச்சு கக்கூஸ எப்படி சமாளிக்கறது, இத எல்லாம் வெக்கப்படாம உக்காந்து பேசறாங்க. வேண்டாத சாமான கொண்டாந்து ஒரு இடத்துல போட்டுடறாங்க, வேணும்கிறவங்க எடுத்துக்கலாம், விலை கிடையாது. பொம்பளைங்களுக்குன்னு தனி கூட்டமும் 2018ல ஆரம்பிச்சாங்க. அதே வருஷம்தான் ஹோம்ஸ் ஆன் வீல்ஸ் அலையன்ஸ்னு தொண்டு நிறுவனமும் ஆரம்பிச்சாங்க, தெருவுல நிக்கற நிலமையில இருக்கறவங்களுக்கு வண்டி ரெடி பண்ணிக் குடுக்கறது, புதுசா வர்றவங்கள அனுபவசாலிங்களோட சேத்து குழுவா அனுப்பறது இதெல்லாம் செய்யறாங்க.

ஆனா என்ன கேட்டா இதயெல்லாம் விட பெரிய விஷயம் அட்ரஸ். உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. வீடு இல்லன்னா லைசென்ஸ் எப்படி ரினியூ பண்ணுவீங்க, பேங்க்ல பி.ஓ. பாக்ஸ், அதான் தபால் பெட்டி நம்பர், அது மட்டும் குடுத்தா அக்கவுண்ட் தர மாட்டான், இன்சூரன்ஸ்காரன் வண்டி எந்த ஊர்ல நிக்குதுன்னு கேப்பான், ஓட்டு எங்க? நம்ம ஊர்ல ரேஷன் கார்டு இல்லாதவன் படற பாட்ட நினைச்சுக்கோங்க, அங்கயும் அதேதான். 1978ல ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன்னு ஒரு புருஷன் பொண்டாட்டி இப்படி வண்டியில வாழறவங்களுக்காக எஸ்கேபீஸ்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க, தலைமையிடம் டெக்சாஸ்ல லிவிங்ஸ்டன்ங்கற சின்ன ஊர்ல. அந்த கிளப் மெம்பர்களுக்கு சட்டப்படி செல்லுபடியாகற ஒரு அட்ரஸ் குடுக்குது, வர்ற தபால சேத்து வச்சு, இந்த மாசம் நான் மொன்டானாவுல இருக்கேன்னு சொன்னா அந்த ஊர் போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பி வைக்குது. சவுத் டகோட்டாவும் இப்படித்தான், அந்த மாநிலத்துல ஒரு ராத்திரி தங்குன ரசீத காட்டுனாலே லைசென்ஸ் வாங்கிடலாம். ஆனா 2023ல சட்டத்த மாத்தி, ஓட்டர் லிஸ்ட்ல சேரணும்னா 30 நாள் இருந்திருக்கணும்னுட்டாங்க. சக்கரத்து மேல வாழறவனுக்கு ஓட்டு போடறதுல கூட இவ்வளவு சிக்கல்.

அந்த எஸ்கேபீஸ்லயே இன்னொரு ஏற்பாடு இருக்கு, அத கேட்டப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. வயசாகி வண்டி ஓட்ட முடியாம போச்சுன்னா, இல்ல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தா, லிவிங்ஸ்டன்ல கேர் சென்டர்னு ஒரு இடத்துல வண்டிய கொண்டு போய் நிறுத்திக்கலாம். சொந்த வண்டியிலயே படுத்துக்கலாம், சாப்பாடு அவங்க பாத்துக்கறாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறாங்க, பகல்ல பாத்துக்க ஆள் இருக்கு, தொண்டு செய்யறவங்க வேற மெம்பருங்கதான் நிறைய. இன்னிக்கு நீ செய்யி நாளைக்கு உனக்கு செய்வாங்கங்கற கணக்கு. அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டுல வயசானவங்க தங்களுக்குள்ளயே இத உண்டாக்க வேண்டியிருக்கேன்னு மாப்பிள்ளை சொன்னாரு, நியாயமான பேச்சு.

வைத்தியம் இன்னொரு தலைவலி. 65 வயசு ஆகாதவங்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அந்தந்த மாநில நெட்வொர்க்குக்குள்ளதான் செல்லும், ஊர் ஊரா போறவனுக்கு அது காகிதம். அதனால பல்லு கட்ட, கண்ணாடி போட, மாத்திரை வாங்க அரிசோனாவுல பார்டர் பக்கம் இருக்கற யூமாங்கற ஊர தாண்டி மெக்சிகோவுல லாஸ் அல்கோடோன்ஸ்னு ஒரு ஊருக்கு போறாங்க, பார்டர் பக்கத்துல வண்டிய போட்டுட்டு நடந்தே போயிடலாம், ஊர் முழுக்க பல் டாக்டர் போர்டுதான். எந்த டாக்டர் நல்லவரு, எவ்வளவு வாங்குவாரு, இதெல்லாம் வண்டிக்கு வண்டி வாய்வழியாவே போகுது.

வேலை விஷயமும் அப்படித்தான், எந்த கேம்ப்கிரவுண்ட்ல காவல் வேலை இருக்கு, அக்டோபர்ல நார்த் டகோட்டா மினசோட்டா பக்கம் சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கு எப்ப ஆள் எடுக்கறான், எந்த கம்பெனி ஒழுங்கா சம்பளம் குடுக்கறான். எழுபது வயசுல பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் பாக்கறத சுதந்திரம்னு எழுத எனக்கு கை வராது சார்.

சிட்டிக்குள்ள இருக்கறவங்க பாடு இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலஸ்ல வண்டியில வசிக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு, அது தெளிவா இல்ல, ஏழைங்க மேலயே பாயுதுன்னு 2014ல அப்பீல் கோர்ட் தூக்கி போட்டுச்சு. ஆனா 2024 ஜூன்ல கிராண்ட்ஸ் பாஸ்ங்கற ஊர் சம்பந்தப்பட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3னு தீர்ப்பு சொல்லிடுச்சு, பொது இடத்துல படுக்கறவங்களுக்கு ஊர் நிர்வாகம் அபராதம் போடறது தப்பில்லன்னு, அதுக்கப்புறம் நிறைய ஊர்ல கெடுபிடி ஜாஸ்தி. நல்லதும் நடந்திருக்கு, சான்டா பார்பராவுல நியூ பிகினிங்ஸ்ங்கற அமைப்பு 2004ல இருந்து சர்ச், ஆபீஸ் பார்க்கிங் இடங்கள கேட்டு வாங்கி, ராத்திரி மட்டும் கார்ல தூங்கறவங்கள அங்க நிறுத்த விடுது, போலீஸ் ஜன்னல தட்டாது, கூடவே வீடு தேடவும் உதவி பண்றாங்க. இப்ப மத்த ஊருங்களும் அத பாத்து செய்யறாங்க.

எல்லாம் ராமராஜ்ஜியம்னு நான் சொல்ல வரல. ஜெனரேட்டர் சத்தத்துக்கு சண்டை, நாய்க்கு சண்டை, கடன் வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா வண்டிய எடுத்துட்டு போனவங்க கதையும் காதுல விழுந்துச்சு. வந்திருந்தவங்கள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான், கறுப்பினத்தவங்க ரொம்ப கம்மி, ராத்திரி போலீஸ் வந்து ஜன்னல தட்டுனா அவங்களுக்கு அது வேற மாதிரி முடியலாமேன்னு மாப்பிள்ளை சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது.

இப்ப நான் கேக்கறது இதுதான். நம்ம பக்கமும் பசங்க டெம்போ டிராவலர வாங்கி உள்ள கட்டில் போட்டு கிளம்ப ஆரம்பிச்சுட்டாங்க, உங்க கட்டுரைய படிச்சுட்டு என் தங்கச்சி பையனே வேலைய விடலாமான்னு யோசிக்கறான். போகட்டும், வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா பலகை எவ்வளவு, இன்வெர்ட்டர் எவ்வளவுன்னு கணக்கு போடறவன், கொடைக்கானல் மேட்டுல கிளட்ச் போனா யாருக்கு போன் பண்றது, காய்ச்சல் வந்து படுத்தா யாரு கதவ தட்டுவா, ஆதார்ல எந்த அட்ரஸ்னு அதயும் சேத்து கணக்கு போடணும்ல? அடுத்த தடவ எழுதறப்ப அவங்க ஒருத்தருக்கொருத்தர் எப்படி தாங்கிக்கறாங்கங்கறத எழுதுங்க, லிவிங்ஸ்டன் தபால் ஏற்பாட்டப் பத்தி மட்டுமே ஒரு பக்கம் எழுதலாம்.

ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைங்க வீட்டுக்கு போற நம்ம ஆளுங்க நிறைய பேரு இத படிப்பீங்க, ஜனவரியில போனீங்கன்னா குவார்ட்சைட் ஒரு நடை போயிட்டு வாங்க. கேன்ல தண்ணி கூடுதலா எடுத்துக்கோங்க, யாராவது வாங்கிப்பாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்து செல்ஃபோன்ல படம் எடுக்காதீங்க, அது அவங்க வீடு, கேட்டுட்டு எடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு டெப்போ மெக்கானிக்,
திருச்சி