உன் அம்மா பெயரில் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் உனக்கு டூட்டி வந்துவிடுகிறது, எனக்கும் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். நீ அனுப்பிய ஒரு லட்சத்தில் இதுவரை செலவு 18,400 ரூபாய். வேன் வாடகை, ஷூ, சாப்பாடு எல்லாம் நோட்டில் இருக்கிறது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

அம்மாவின் ஆண்டு நினைவுக்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அன்னதானம், கோயிலுக்கு டியூப் லைட், பள்ளிக்கூடத்துக்கு ஃபேன். மலையில் இறந்துபோன பிள்ளைகளின் பெயரில் பெற்றவர்கள் அறக்கட்டளை வைத்து, வசதியில்லாத இளவட்டங்களை மலையேறவும் படகு விடவும் அனுப்புகிறார்கள், நாமும் அம்மா பெயரில் அப்படிச் செய்யலாம் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன் என்று உனக்கே தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது பத்து நாள் என்.சி.சி. முகாமுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றவள் அவள். பி.டி. மாஸ்டர் வீட்டிலேயே இந்தக் கதி. நாலு நாள் நீ அவளோடு பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாய். அவள் பெயரில் இதைச் செய்யலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

சரி, ஆரம்பிப்போம் என்று முக்கூடல் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது பெண் பிள்ளைகளிடம் மலைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். 22 பேர் கை தூக்கினார்கள். சம்மதத் தாளோடு வீடு வீடாகப் போனேன். எந்த வீட்டுக்குப் போனாலும் மடியில் சுளகு, அதில் பீடி இலை, தூள், நூல். நான் பேசப் பேச அவர்கள் விரல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வெளியே போனால் இலை வெட்ட ஆளில்லை, அன்றைக்கு ஆயிரம் பீடி எட்டாது. இதைத்தான் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஓரிருவர்தான் அதைச் சொன்னார்கள். மற்றவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "கூட யாரு போறா சார்? பொம்பளையாளு யாரும் வாராவளா?"

ஒருத்தி தேனிப் பக்கத்துக் குரங்கணி மலையேற்றம் பற்றிக் கேட்டாள். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததை டிவியில் பார்த்தது அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. தீக் காலத்தில் போகமாட்டோம், பொங்கல் கழிந்து காடு பச்சையாக இருக்கும்போதுதான், வனத்துறை செக்போஸ்ட் தாண்டி அவர்கள் விடுகிற இடத்துக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். தலையாட்டினாள். ஆட்டிவிட்டு மறுபடி அதே கேள்வி, கூட யாரு போறா.

அன்று ராத்திரிதான் உன் அம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன், பூண்டு உரித்துக்கொண்டே, "அந்த கேம்புக்குக் கூட யார் போறான்னு ஒருத்தராவது வந்து சொல்லியிருந்தா விட்டிருப்பேன், வெறும் தாளைக் கொடுத்து கையெழுத்துப் போடுன்னா எப்படிப் போட?" என்றாள். அப்போது அதை நான் காதிலேயே வாங்கவில்லை.

ஆக, பணத்தை எதில் போட வேண்டும் என்று பிடிபட்டது. சத்துணவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அம்மா ஒருவரையும் உன் சித்தியையும் கூட்டிக்கொண்டு மறுபடி அதே தெருவுக்குப் போனேன். இரண்டு பேரும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டே பேசினார்கள், நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். முக்கால் மணி நேரத்தில் 14 கையெழுத்து.

எங்கே போனோம் என்று கேட்டால் நீ சிரிப்பாய். பாபநாசம், அகஸ்தியர் அருவி, அங்கிருந்து படியேறிக் கல்யாண தீர்த்தம். அவ்வளவுதான். நீ அங்கே பனியில் கயிறு கட்டி ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பாய், இது என்ன அட்வென்ச்சர் என்று தோன்றும். ஆனால் தினமும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பார்க்கிற மலைக்குள், 14 பேரில் 11 பேர் அன்றுதான் முதல் தடவை காலை வைத்தார்கள். செக்போஸ்டில் பை பையாகச் சோதித்து ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் எல்லாம் எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். கூட்டாஞ்சோறு தூக்குவாளியில் போனதால் தப்பியது. ஒருத்திக்குப் புது ஷூ கடித்துவிட்டது, இரண்டையும் லேஸால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு எல்லாருக்கும் முன்னால் ஏறிவிட்டாள். 350 ரூபாய் ஷூ!

மேலே போனதும் தண்ணீருக்குப் பக்கத்தில் போகுமுன் எல்லாரையும் உட்காரவைத்து வ.வே.சு. ஐயர் கதையைச் சொன்னேன். சுதந்திரப் போராட்டக்காரர், சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தினாரே, அவர்தான். (அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட அந்தப் பந்தி விவகாரத்தையும் ஒரு பிள்ளை கேட்டாள், அதையும் மறைக்காமல் சொன்னேன்.) 1925 ஜூனில் இந்தப் பாபநாசத்து அருவியில்தான் மகள் சுபத்திரை தாண்டப்போய்த் தவறி விழுந்தாள், காப்பாற்றப் பாய்ந்த அவரும் போய்விட்டார். அத்தனை பெரிய மனிதரையே அடித்துக்கொண்டு போன தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூட நான் காட்டிய கோட்டைத் தாண்டவில்லை. விசில் ஊத வேண்டிய வேலையே இல்லை.

இன்னொன்று, உன்னிடம் சொல்லலாம், நீ நர்ஸ்தானே. இறங்கும்போது ஒரு பிள்ளை பின்தங்கினாள், சித்தியும் அவளோடு நின்றுவிட்டாள். என்ன, ஏது என்று நான் திரும்பிப் போக, சித்தி கையைக் காட்டி "நீங்க போங்க அத்தான்" என்றாள். பிறகுதான் புரிந்தது. சித்தி பையில் எல்லாம் வைத்திருந்தாள், பிள்ளை கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். 31 வருஷம் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன், என் முதலுதவிப் பெட்டியில் டெட்டால், பஞ்சு, அயோடெக்ஸ் தவிர ஒன்றும் இருந்ததில்லை. எத்தனை பிள்ளைகள் என்னிடம் சொல்ல முடியாமல் வயிற்றுவலி என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும், நானும் அதுகளைச் சோம்பேறி என்று அதட்டியிருப்பேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ கேட்ட மற்ற விஷயங்கள். அம்மா படம் போட்ட டி-சர்ட் வேண்டாம், அவளுக்குப் போட்டோ எடுப்பதே பிடிக்காது. பேனரும் வேண்டாம். டிரஸ்ட் பதிவு செய்வது பற்றி வக்கீலிடம் பேசினேன். நீ இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும்வரை உன் சம்பளத்தை பேங்க் வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை, அந்த ஊர் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டுப் பணமாகிவிடும், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்கிறார். அதையும் மனதில் வைத்து முடிவெடு. அவசரம் இல்லை.

பெரியம்மா மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாள், பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலை எதற்கு என்று. அகஸ்தியர் மலை 1,868 மீட்டர், கேரளா வழியாகத்தான் ஏற முடியும், அங்கே பெண்களை விடாமலேயே வைத்திருந்து, நீதிமன்றம் சொன்ன பிறகு 2019 ஜனவரியில்தான் ஒரு பெண் உச்சிவரை போனாள், தெரியுமா என்று கேட்டேன். "அவ கூட யாரு போனா?" என்கிறாள். போ!

அடுத்த பயணம் காலாண்டு லீவில், களக்காடு பக்கம். இந்தத் தடவை விட்டுப்போன எட்டுப் பேரில் ஐந்து பேரின் அம்மாமார் தாங்களாகவே வந்து கேட்டுவிட்டார்கள், ஒருத்தி தானும் துணைக்கு வரலாமா என்கிறாள். வரட்டும், அவளுக்கும் ஒரு நாள் கூலி கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?

அப்புறம், சித்திக்கும் ஷூ வேண்டுமாம். சேலைக்கு ஷூவா என்றேன், முறைக்கிறாள். ஆறாம் நம்பர். கணக்கில் எழுதட்டுமா?

அப்பா