கட்டைவிரல் அளவுக்கு மடித்த தாள்

அன்புள்ள வசந்தி,

குழந்தை பிறந்த சேதிக்கு ஒரு ஃபோனோடு நிறுத்திக்கொண்டேன். நீ கேட்டதற்கும் ஐந்து வாரமாகப் பதில் போடவில்லை. கோபப்படாதே. முதலில் உன் கேள்வி, அப்புறம் என் கதை.

நீ கேட்ட ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட், பிள்ளை வளர்க்கிற குடும்பங்களுக்கு ஆஸ்திரேலிய அரசு தருகிற உதவித்தொகை. அதில் இரண்டு பகுதி. ஏ பகுதி பிள்ளைக்கு இவ்வளவு என்று வரும். பி பகுதி குடும்பத்துக்கு ஒன்று. வீட்டில் ஒருவர் சம்பளத்தில் ஓடுகிறவர்களுக்கும் தனியாக வளர்க்கிறவர்களுக்கும். இரண்டுக்கும் வருமானத்தைப் பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்கலாம், இல்லை நிதியாண்டு முடிந்து மொத்தமாக. நீ வேலைக்குத் திரும்பினால் அன்றைக்கே இந்தப் பணத்தைத் தருகிற அரசு அலுவலகமான சென்டர்லிங்க்கில் வருமான மதிப்பீட்டை மாற்றிவிடு. நாங்கள் குறைத்துப் போட்டிருந்தோம். வரிக் கணக்கு முடிந்ததும் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டினோம். தடுப்பூசி தள்ளிப்போனாலும் ஏ பகுதியில் கை வைப்பார்கள். அவ்வளவுதான், இனி பெர்த்திலிருந்து ஃபாரம் ஃபாரமாகப் படம் எடுத்து அனுப்பாதே!

சரி, இப்போது ஆதி.

போன வியாழன் அவன் ஸ்கூல் பையில் தண்ணீர் கொட்டிவிட்டது. கவிழ்த்தால் அடியில் கட்டைவிரல் அளவுக்கு மடித்த ஒரு தாள். கணக்கு. ஏழாவது கணக்கை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருக்கிறது. பின்பக்கம் டேப் ஒட்டி, அதன் மேல் மறுபடி எழுதப் பார்த்திருக்கிறான். பென்சில் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

"ஏண்டா அம்மாகிட்ட காட்டல?" என்றேன். "தப்பாப் போட்டா நான் புத்திசாலி இல்லைன்னு உனக்குத் தெரிஞ்சிடும்ல" என்றான். எட்டு வயசு, வசந்தி. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தச் சொல்லைக் கொடுத்தது நான்தான். மூன்று வயதில் நூறு வரை எண்ணிய நாளிலிருந்து "என் புத்திசாலிக் குட்டி" என்றுதான் கொஞ்சுகிறேன். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வளரட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவனுக்கோ அது கீழே போட்டு உடைத்துவிடக் கூடாத பீங்கான் மாதிரி ஆகிவிட்டது.

தேடிப் படித்தேன். 1998இல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்திருக்கிறார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் ஒரே ஒரு வரி. அடுத்து எல்லோருக்கும் கஷ்டமான புதிர். அதில் தடுமாறிய பிறகு, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முன்பு போட்ட மாதிரிச் சுலபமான புதிரிலேயே சறுக்கினார்கள். முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் கூட்டி எழுதினார்களாம். அதைப் படித்ததும் அந்த டேப்தான் கண் முன்னால் வந்தது.

அதற்காகப் பாராட்டவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்தாலும் பிள்ளை பயப்படும். இப்போதெல்லாம் அவன் போட்ட வழியைக் கேட்கிறேன். "இந்த இடத்தில் எப்படி யோசித்தாய்?" என்றால் முதலில் முறைக்கிறான். நேற்று ஏழாவது கணக்கைப் புதுத் தாளில் அவனே எடுத்து வந்தான். மறுபடியும் தப்புத்தான். ஆனால் மடிக்கவில்லை.

இதை உனக்கு எழுதக் காரணம், நீ ரேணு மிஸ் பரீட்சையில் 31 வாங்கி, பேப்பரைத் தூக்கிக் காட்டி வகுப்பே சிரிக்கும்படி செய்தாயே, அந்த நாள். நான் 88 வாங்கிவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டிருந்தேன். உனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அன்று சாயங்காலம் வீட்டில் உன் அம்மா என்ன சொன்னார்கள்? ஞாபகம் இல்லையென்றால் அம்மாவிடமே கேட்டு எழுது. எனக்கு அவசரமாக வேண்டும்.

குட்டிக்குப் பெரியம்மாவின் முத்தம்.

உன்
கௌரி