ரீடிங் அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் கல்லூரிகளில் உளவியல் பட்டப்படிப்புக்கு இடம் தேடும் பிள்ளைகளில் பலர், மனநல ஆலோசகர் ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். உள்ளே வந்ததும் எடை டப்பாவையும், சமமான கோடுகள் நீளம் மாறித் தோன்றும் முல்லர்-லையர் பலகையையும் கையில் கொடுத்தால் முகம் வாடிவிடுகிறது. அந்தச் சலிப்பைக்கூடப் போக்கிவிடலாம். புலனுணர்வும் புலன்காட்சியும் பற்றிய செய்முறைப் பாடம் பல இடங்களில் ரெக்கார்டு நோட்டை நிரப்பும் சடங்காகிவிட்டதே, அதுதான் சங்கடம். கருவி வாங்கப் பணமில்லை என்பார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. புத்தகத்தில் இருக்கும் விடை வந்தால் முழு மதிப்பெண், வராவிட்டால் 'மறுபடி செய்' என்றால், எந்த மாணவியும் எண்களைத் தானே 'செய்து'விடுவாள்.

எடை வேறுபாட்டுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் லைப்சிக்கில் இருந்த உடலியல் அறிஞர் வெபர் 1834-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது: கைக்குத் தெரியும் மிகச்சிறிய எடை வேறுபாடு ஒரு நிலையான அளவு அல்ல, அது மூல எடையின் ஒரு பங்கு. பாடநூல்கள் ஐம்பதில் ஒரு பங்கு என்கின்றன. அதாவது 100 கிராமுக்கு 2 கிராம். இதைச் சோதிக்க, வெளியே தெரியாத ஒரே மாதிரியான மூடி டப்பாக்கள் எட்டு போதும், பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கும். ஒன்று 100 கிராம் மூல எடை. மற்ற ஏழும் 88-லிருந்து 112 வரை நான்கு நான்கு கிராமாக ஏறவேண்டும். மணலோடு பஞ்சும் சேர்த்து இறுக்கி அடைக்கவேண்டும். கலகலவென்று சத்தம் வந்தால் கை சொல்லவேண்டியதைக் காது சொல்லிவிடும். அடையாள எண் டப்பாவின் அடியில் இருக்கட்டும். மழைக்காலத்தில் பஞ்சு ஈரம் இழுக்கும் என்பதால், சோதனை நாள் காலையில் 0.1 கிராம் காட்டும் தராசில் மீண்டும் நிறுப்பது நல்லது.

ஒவ்வொரு எடையையும் 20 தடவை, சீட்டுக் குலுக்கி வரும் வரிசையில், மூல எடையோடு ஒப்பிடச் சொல்லவேண்டும். மொத்தம் 140 ஒப்பீடு. பாதித் தடவை மூல எடை முதலில், பாதித் தடவை இரண்டாவதாக. ஏனென்றால் இரண்டு எடையும் சமமாக இருந்தாலும், எதை முதலில் தூக்கினோம் என்பதே தீர்ப்பைச் சாய்க்கும். தூக்கும் உயரமும் வேகமும் மாறக்கூடாது. டப்பாவின் அளவும் மாறக்கூடாது, ஒரே எடையில் சிறிய டப்பாதான் கனமாகத் தோன்றும். இவ்வளவு கவனித்தும் ஒரு மாணவிக்கு 2-க்குப் பதில் 5 கிராம் வந்தால் அது தவறல்ல. பழக்கமில்லாத கை, களைப்பு, கவனச் சிதறல் எல்லாம் அந்த 5-க்குள் இருக்கின்றன. ஐந்தை இரண்டாக்கி எழுதச் சொல்வதுதான் தவறு.

இட்டுக்கட்டிய எண்களைக் கண்டுபிடிப்பது எளிது. தோலில் இரண்டு முனை தொடுவதை எந்த இடைவெளியில் இரண்டாக உணர்கிறோம் என்ற சோதனையில், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் ஏறுவரிசைக்கும் குறைத்துக்கொண்டே வரும் இறங்குவரிசைக்கும் விடை ஒன்றாக வராது. ஏறும்போது 'ஒன்று, ஒன்று' என்று சொல்லிப் பழகிய வாய், இரண்டு தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் 'ஒன்று' என்றே சொல்லும். இறங்கும்போது 'இரண்டு' அதே மாதிரி நீளும். 'இந்நேரம் மாறியிருக்கும்' என்று அவசரப்படுபவருக்கு இது தலைகீழாக நடக்கும். இரண்டு வரிசையும் கச்சிதமாக ஒத்துப்போகும் நோட்டைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம்தான் வருகிறது.

இந்தச் சோதனைக்குத் தனிக் கருவி இல்லையென்றால் இயற்பியல் லேபிலிருந்து வெர்னியர் காலிப்பரை வாங்கலாம். முனைகள் மழுங்கலாக இருக்கவேண்டும், ஜியோமெட்ரி பாக்ஸ் டிவைடர் குத்தும், தொடுவுணர்வுக்குப் பதில் வலியைத்தான் அளப்போம். இரு முனையும் ஒரே நொடியில், ஒரே அழுத்தத்தில் படவேண்டும். ஒன்று முந்தினாலும் மூளை அதை இரண்டாக எண்ணிவிடும். ஏசி அறையில் உலோகம் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சியும் துப்புக் கொடுக்கும். மூன்றில் ஒரு தடவை ஒற்றை முனையை மட்டும் வைத்துப் பார்க்காவிட்டால், உணர்ந்து சொல்கிறாரா ஊகித்துச் சொல்கிறாரா என்பது தெரியாது. விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டரும் முன்கையில் 35, 40 மில்லிமீட்டரும் வந்தால் சோதனை ஏறக்குறைய சரி.

1889-ல் வந்த முல்லர்-லையர் உருவத்திலும் இப்படித்தான். நுனிகளில் எதிரெதிராகத் திரும்பிய அம்புக்குறிகள் உள்ள இரண்டு கோடுகளில் ஒன்றை, மற்றதற்குச் சமமாகத் தெரியும்வரை நகர்த்தவேண்டும். இடம், வலம் மாற்றி, உள்நோக்கியும் வெளிநோக்கியும் தள்ளி, வகைக்குப் பத்தாக 40 ரீடிங் எடுக்கச் சொல்கிறோம். சோதிக்கப்படும் சப்ஜெக்டிடம் நடுவில் விடையைச் சொல்லக்கூடாது, பலகையின் பின்புறத்து அளவுகோலை அவர் பார்க்கக்கூடாது. பலகை தேய்ந்திருந்தால் சறுக்கி சிக்கி நகரும், மெழுகு தடவினால் சரியாகும். பழகப்பழக இந்தப் பார்வை மயக்கம் குறைந்துகொண்டே வரும் என்பதால், எந்த ரீடிங் எத்தனையாவது என்று குறிக்காமல் சராசரி போட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

காது சோதனையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கல்லூரிகளைச் சுற்றி அமைதி மண்டலத்தில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு என்று விதி சொல்கிறது. ஹாரன் அதைப் படித்ததில்லை. மின்விசிறியும் ஓடும் வகுப்பில், செல்போன் செயலி காட்டும் எண்ணைக் 'கேள்வி எல்லை', அதாவது காதுக்குக் கேட்கும் மிகச்சிறிய ஒலி, என்று எழுதாதீர்கள். இரைச்சலுக்கு நடுவே கேட்கும் எல்லை என்று எழுதினால் அதுவே நல்ல பாடம்.

நாக்குக்கு வருவோம். நுனியில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படம் இன்னும் கைடுகளில் உலவுகிறது. 1901-ல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹேனிக் கண்ட சிறு வேறுபாடுகளைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கியதன் விளைவு அது, சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நம் அறுசுவையில் கார்ப்பு, துவர்ப்பு இரண்டையும் வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம். மிளகாயின் காரம் வெப்பத்துக்கும் வலிக்கும் உரிய நரம்புவழியே போகிறது. துவர்ப்பில் பெரும்பங்கு, வாய் இறுகும் தொடுவுணர்வு.

சர்க்கரைச் சோதனைக்கு 200 மில்லி தண்ணீரில் 4 கிராம் கரைத்து, பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போகலாம். மூன்று கப்பில் ஒன்றில் மட்டும் சர்க்கரை, எது என்று கேட்கவேண்டும். மூன்றில் ஒரு பங்கு சரியாக வருவது குருட்டு அதிர்ஷ்டம், அதைத் தாண்டினால்தான் உணர்வு. கரைக்கவும் வாய் கொப்பளிக்கவும் ஒரே கேன் தண்ணீராக இருக்கட்டும். கரைக்க மெட்ரோ வாட்டர், கொப்பளிக்க கேன் வாட்டர் என்றால் நாக்கு தண்ணீரைத்தான் பிரித்துச் சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபியும் பஜ்ஜியும் கூடாது.

தேர்வு நடத்துவோரிடம் கேட்பது இரண்டுதான். சோதனை நாளன்று எழுதிய மூலத் தாளை, அடித்தல் திருத்தலோடும் அன்றைய தேதி, ஆசிரியர் கையெழுத்தோடும் ரெக்கார்டில் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் 'விடை என்ன' என்று கேட்பதற்கு முன், 'எங்கே பிசகியது, ஏன்' என்று கேட்டு அதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் செய்முறைப் பாடம் நடத்துவோர் சிலர்,
சென்னை.