உங்கள் மனதுக்கு நெருக்கமான பாட்டு எது?

அன்பு உறவுகளே, வணக்கம். இந்த வாரம் ஒவ்வொருவரும் மனதில் தங்கிவிட்ட ஒரு பாட்டையோ கீர்த்தனையையோ உங்கள் குரலிலேயே பாடி அனுப்புங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை. எந்த வரி உங்களைத் தாங்கியது, முதலில் யார் பாடக் கேட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். எனக்கு அதைக் கேட்கத்தான் அதிக ஆசை.

‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன், அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து பிறகு போதகரானவர். பாட்டு 1779இல் அச்சானது. இன்று நாம் பாடும் மெட்டு அதனோடு சேர்ந்தது 1835இல். அவர் 1807இலேயே மறைந்துவிட்டார். இந்த மெட்டில் தன் பாட்டை அவர் கேட்டதே இல்லை என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

துக்கத்தோடு சேர்ந்த பாட்டு என்றால் காரணம் சொல்ல வேண்டாம், பாடினால் போதும். வேறு குழுக்களில் வந்த பதிவுகளைத் தயவுசெய்து இங்கே அனுப்பாதீர்கள்.