ஞாயிறு காலை நடை: மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, மூக்கனேரி

சேலம் கன்னங்குறிச்சி குழு நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு பக்கம் வந்துவிடுங்கள். தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான், ஆனால் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டூடியோவின் வளைவு அது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டுமே இந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். கலைஞர் இங்கே வசனம் எழுதியவர். தளங்கள் இருந்த இடமெல்லாம் வீடுகளாகிவிட்டது, மிச்சம் வளைவு மட்டும். (செல்ஃபி எடுக்கிறவர்கள் நடுரோட்டுக்குப் போகாதீர்கள், ஏற்காடு வண்டிகள் வேகமாக வரும்.)

அப்புறம் மூக்கனேரி. 2010ல் தூர்வாரிய வண்டலையே ஏரிக்குள் குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டார்கள்; இப்போது பறவைகள் கூடு கட்டுகின்றன.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஸ்டூடியோவில் தச்சு, லைட், சமையல் என்று எந்த வேலை பார்த்திருந்தாலும் கூட்டி வாருங்கள். பழைய போட்டோ இருந்தால் குழுவில் போடுங்கள், குட் மார்னிங் படங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம்.