கோப்பில் இல்லாதது கோர்ட்டில் இல்லை

அன்பு மகள் கயலுக்கு,

உன் ஊனக் காப்பீட்டுப் பணத்தை நிறுத்தி இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அது உன் கைக்கு வந்த தேதியை உறைமேலேயே எழுதி வை. அதிலிருந்து 180 நாளுக்குள் அவர்களிடமே மேல்முறையீடு. உன்னுடையது நீ வேலை பார்த்த கம்பெனி வழியாக வந்த காப்பீடு, ஆகவே எரிசா (ERISA) என்கிற 1974-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் பொருந்தும்.

கோபத்தில் இன்றைக்கே ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிடாதே. நாளைக்கு வழக்கு என்று போனால் ஜூரி கிடையாது. நீதிபதி பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி உன் விஷயமாக வைத்திருக்கும் கோப்பை மட்டும்தான் பார்ப்பார். இப்போது சேர்க்காத காகிதத்தைப் பிறகு சேர்ப்பது குதிரைக்கொம்பு. வக்கீல் வைப்பதானால் அதனால்தான் இப்போதே வை.

முழுக் கோப்பையும் பாலிசி நகலையும் எழுத்தில் கேள், போனில் வேண்டாம். இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. பல பாலிசிகளில் முதல் 24 மாதம் 'உன் வேலையைச் செய்ய முடியாது' என்றால் போதும். அப்புறம் 'எந்த வேலையும் முடியாது' என்று காட்டவேண்டும். உனக்கு 23-ஆவது மாதம் கடிதம் வந்திருக்கிறது. தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

உன் டாக்டர் 'இவரால் வேலை பார்க்க இயலாது' என்று ஒரு வரி கொடுத்தால் வாங்காதே. சிகிச்சை தரும் டாக்டர் சொல்லுக்குத் தனி எடை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இலேயே சொல்லிவிட்டது. எத்தனை நிமிஷம் உட்கார முடிகிறது, எத்தனை பவுண்டு தூக்க முடிகிறது, மாதத்தில் எத்தனை நாள் படுக்கை, அது எந்தப் பரிசோதனையில் தெரிகிறது, இவ்வளவும் வேண்டும். '20 நிமிஷம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போகிறது, அரை மணி படுக்க வேண்டியிருக்கிறது' என்பது போல.

மளிகைப் பையோடு நீ நடப்பதை அவர்கள் ஆள் வைத்து எடுத்த வீடியோ கோப்பில் இருந்தால் பதறாதே. அன்று சாயங்காலமும் மறுநாளும் எப்படிக் கிடந்தாய் என்று தேதி போட்டு எழுது. அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை உனக்கு ஊனத்தொகை அனுமதித்த கடிதத்தையும் சேர். அந்த முடிவை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கவில்லை என்றால் அவர்கள் காரணம் எழுத வேண்டும் என்பது 2018 ஏப்ரலிலிருந்து விதி.

மேல்முறையீட்டை அனுப்பியபின் முடிவு சொல்ல அவர்களுக்கு 45 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னொரு 45. நடுவில் புது டாக்டர் அறிக்கை வாங்கினால், மறுப்பதற்கு முன் உனக்குக் காட்டியாக வேண்டும். அதற்கும் உன் டாக்டரின் பதில் போகட்டும்.

கோப்பு வந்ததும் ஸ்கேன் செய்து அனுப்பு. அவர்கள் டாக்டர் உன் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தாரா, ரிப்போர்ட்டை மட்டும் படித்தாரா, முதலில் அதைத்தான் தேடவேண்டும்.

அப்பா