வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. குட்டி யானை, பிக்அப், ஈக்கோ வைத்திருப்பவர்கள் டயர் ஓரம் தேய்கிறது என்று தொடர்ந்து கேட்பதால் இந்தப் பதிவு.

முன்பக்கம் நேர் ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும் உள்ள வண்டியில் சாதாரணமாக மாற்ற முடிவது டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான், அதுவும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் கம்பியைத் திருகி. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) ஆக்ஸிலோடு வந்தது. அது விலகியிருந்தால் கிங்பின் (சக்கரம் திரும்புவதற்கான முள்) தேய்ந்திருக்கலாம், இல்லை ஆக்ஸில் வளைந்திருக்கலாம். ஈக்கோவில் முன்பக்கம் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது), அங்கேயும் பெரும்பாலும் டோதான். ஆகவே "கேம்பர் சரி செய்தோம்" என்று பில்லில் தனியாகக் காசு போட்டால், எதை எப்படி மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டு முன் டயரும் வெளி ஓரம் தேய்ந்தால் டோ-இன் (உள்ளே திரும்பியிருப்பது) அதிகம், உள் ஓரம் என்றால் டோ-அவுட் (வெளியே திரும்பியிருப்பது) என்று முதலில் சந்தேகப்படலாம். இரண்டு ஓரமும் சேர்ந்து தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது ஓவர்லோடு.

அலைன்மென்ட் மெஷினில் ஏற்றும் முன் டயர் காற்று, கிங்பின், டை ராட் எண்ட், வீல் பேரிங் ஆட்டம், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் டைட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும்போது வைக்கிற அளவு நிற்காது. பின் ஸ்பிரிங்கின் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும், முன்பக்கம் எத்தனை முறை திருகினாலும் சரியாகாது.

அளவு உங்கள் மாடலின் மேனுவலில் இருப்பதுதான். அடுத்தவர் வண்டி அளவைக் குழுவில் கேட்டு வைக்க வேண்டாம். முன், பின் அளவு வரும் பிரிண்டை வாங்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.